இஞ்சினியர் கிறிசாந்தோவின் ஒன்றரை மடங்கு

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருக்கும். ஜெராக்ஸ் மெஷின் இருந்தால் அதை ஒட்டி, அதன் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு, ஒரு மனிதர் இருப்பார். இந்தப் பதவிக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. சம்பளப் பட்டியலில் இப்படி ஒரு வேலையே கிடையாது. ஆனாலும் அவர் இருக்கிறார்; நேற்று இருந்தார், நாளையும் இருப்பார், ஓய்வு பெற்ற பிறகும் 'அந்தப் புதுப் பையன் மெஷினை எப்படி வெச்சிருக்கான்' என்று பார்க்க வாரம் ஒரு முறை வருவார். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'மெஷின் அறிந்தவர்'.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷினை நோக்கி நாலு அடி நடந்து பாருங்கள். ஐந்தாவது அடியில் ஒரு குரல் வரும்.

"இருங்க, இருங்க. தொடாதீங்க."

பிறகு அவர் எழுந்து வருவார். நடையில் அவசரம் இருக்காது. உங்கள் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், முகர்வார், புதுத் தாளுக்கு மேல்பக்கம் கீழ்பக்கம் உண்டென்பார், காற்றில் ஈரம் இருக்கிறதென்பார், மெஷினின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டி மூன்று கதவுகளைத் திறந்து நாலு கதவுகளை மூடுவார், கடைசியில் நம் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் அந்தக் கேள்வியைக் கேட்பார்: "கடைசியா இதைத் தொட்டது யாரு?" தொட்டது அவர்தான். வேறு யாரைத் தொட விட்டார்?

எங்கள் தொக்காமேசா நகராட்சியில் இந்த இனத்தின் பிரதிநிதி டோன் கிறிசாந்தோ சப்பாரோ. 'டோன்' என்ற மரியாதை போதாதென்று அவரை எல்லோரும் 'இஞ்சினியர்' என்பார்கள். அவர் இஞ்சினியருக்குப் படித்தவர் இல்லை. ஆனால் நம் கொலம்பியாவில் பட்டம் என்பது படித்து வாங்குவதா என்ன? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் டாக்டர். விண்ணப்ப ஜன்னலில் முத்திரை குத்தும் நான்கூட டாக்டர்தான்; பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய டாக்டர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மெஷின் வந்த மூன்றாம் நாள் உள்ளே ஒரு தாள் சிக்கிக்கொண்டது. ஆபீஸே கூடி நின்று வேடிக்கை பார்க்க, கிறிசாந்தோ சட்டைக் கையை மடித்து உள்ளே விட்டு அதைக் கிழியாமல் இழுத்து எடுத்தார். அன்று மாலையே அவர் இஞ்சினியர் ஆகிவிட்டார். மறுநாள் காலை அவருடைய மேசை மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த மெஷின் சாதாரணப்பட்டதல்ல. ஒரு கட்டுத் தாளைத் தலையில் வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்து இரண்டு பக்கமும் நகலெடுக்கும், வரிசைப்படி அடுக்கும், பின் அடிக்கும், நடுவில் மடித்துப் புத்தகமாக்கும், தாளைப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பும், கைபேசியிலிருந்து அச்சடிக்கும், ஓரத்தில் விழும் கறுப்பு நிழலை அழிக்கும், தாள் சிக்கினால் எந்த இடத்தில் சிக்கியது என்று படம் போட்டே காட்டும். இதெல்லாம் அதன் தொடுதிரையில் எழுதியிருந்தது. எங்களில் யாருக்கும் தெரியாது. ஏனென்றால், தூசி படியும் என்று இஞ்சினியர் திரை முழுவதையும் தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் உறையால் மூடி நாலு பக்கமும் டேப் ஒட்டி, அதில் கத்தரிக்கோலால் இரண்டே இரண்டு ஜன்னல் வெட்டியிருந்தார். ஒன்று, பச்சைப் பொத்தானுக்கு. இன்னொன்று, பெரிதாக்கும் பொத்தானுக்கு. லாரி ஓட்டுநர்களைக் காக்கும் கார்மென் மாதா படத்தை மூடியின் மேல் ஒட்டியிருந்தார். மற்றதை மாதா பார்த்துக்கொண்டார்.

இஞ்சினியருக்கு மெஷினைப் பற்றித் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். அதுதான் தொல்லை. ஒரு நகல் கேட்டு வந்தவர் முதலில் பாடம் கேட்டாக வேண்டும். என் மேசை டிராயரைத் திறந்து என்னுடைய பிளாஸ்டிக் ஸ்கேலை எடுப்பார் (என்னைக் கேட்டதில்லை), தன் ருவானாப் போர்வையின் கம்பளியில் பரபரவென்று தேய்ப்பார், மேசைமேல் கிழித்துப் போட்ட தாள் துணுக்குகளின் மேல் பிடிப்பார். துணுக்குகள் துள்ளி ஒட்டிக்கொள்ளும்.

"பாத்தீங்களா? இதுதான் சூட்சுமம். உள்ள ஒரு உருளை இருக்கு. இருட்டுல அதுக்கு இதே மாதிரி மின்சாரம் ஏத்தி வெச்சிருக்கும். உங்க பேப்பர்ல வெளிச்சம் அடிச்சா, வெள்ளை இடத்துலேர்ந்து திரும்புற வெளிச்சம் உருளையில பட்டு அங்க மின்சாரத்தைக் கலைச்சிடும். எழுத்து இருக்கிற இடத்துல மட்டும் கலையாம நிக்கும். அங்கதான் கறுப்புப் பொடி போய் ஒட்டும். அப்புறம் பேப்பர் வரும், பொடி அதுக்குத் தாவும், சூட்டு உருளை நசுக்கி உருக்கி ஒட்ட வைக்கும். புரியுதா?"

புரியாமல் என்ன? ஒன்பது ஆண்டுகளாகக் கேட்கிறேன், தூக்கத்தில்கூடச் சொல்வேன். இப்போதைய மெஷின்கள் தாளை முதலில் படம் பிடித்து நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு லேசரால் உருளையில் வரைகின்றன என்பது மட்டும் அவருடைய பாடத்தில் இல்லை. அதை எனக்குச் சொன்னவர் வேறொருவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

இப்போது நகலை அளக்கும் அட்டைச் சட்டத்துக்கு வருகிறேன். எங்கள் நாட்டில் எந்த விண்ணப்பத்துக்கும் அடையாள அட்டையின் நகல் வேண்டும். அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில், ஒன்றரை மடங்கு பெரிதாக. ஏன் ஒன்றரை என்று கேட்காதீர்கள். பிறந்தோம், ஞானஸ்நானம் வாங்கினோம், ஒன்றரை மடங்கு நகல் கொடுத்தோம். மெஷினை நிறுவ வந்த ஆளிடம் கிறிசாந்தோ, "இந்தப் பெரிசாக்குற பொத்தான் எத்தனை மடங்கு?" என்று கேட்டார். வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "ஒன்றரை இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிப்போனான். கிறிசாந்தோ அந்தப் பொத்தானில் முதல் நகலை எடுத்தார், அதன் அளவுக்கு ஒரு தடித்த காகித அட்டையை வெட்டிச் சட்டம் செய்தார், அன்றிலிருந்து வெளியே எடுத்து வரும் ஒவ்வொரு நகலும் அந்தச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஒன்றுகூட அடங்கவில்லை. எதிர்க்கடை நகல், சர்ச்சுத் தெரு நகல், பேருந்து நிலைய நகல், எல்லாமே சட்டத்தைவிடப் பெரிதாக இருந்தன.

இதிலிருந்து சாதாரண மனிதன் என்ன முடிவுக்கு வருவான்? இஞ்சினியரோ, ஊரில் உள்ள அத்தனை கடைக்காரர்களும் மோசடிக்காரர்கள் என்ற முடிவுக்கு வந்தார். நாங்களும் அதையே நம்பினோம். அடங்காத நகலை நான் ஜன்னல் வழியாகத் திருப்பித் தருவேன். ஜனங்கள் இஞ்சினியர் முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்கு சொராய்தா பின்சோன் வந்தார். மார்க்கெட்டில் மூன்றாவது வரிசையில் மேசை விரிப்பு பிளாஸ்டிக்கை மீட்டர் கணக்கில் வெட்டி விற்பவர். பதினாலு வருடமாக அதே இடம். கடை உரிமத்தைப் புதுப்பிக்க அன்று நண்பகல்தான் கடைசி. பன்னிரண்டு அடித்தால் நான் ஜன்னலை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவேன். அதற்குள் விண்ணப்பம் விழாவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு. அடுத்தவர், பக்கத்துக் கடை பிளாஸ்டிக் வாளிக்காரர். அவர் காலை எட்டு மணிக்கே வந்து எங்கள் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொராய்தாவுக்கு மரியாதையாகக் காலை வணக்கமும் சொன்னார்.

எல்லாத் தாளும் சரியாக இருந்தது. அட்டை நகலை மட்டும் வழக்கம்போல இஞ்சினியரிடம் நீட்டினேன். அவர் சட்டத்தை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எதிர்க்கடையா?"

"ஆமாங்க. ஒன்றரை மடங்குன்னு சொல்லித்தான் எடுத்தேன்."

"சொல்லுவான். பொத்தானை அமுக்கத் தெரிஞ்சவன் எல்லாம் நகலெடுக்க வந்துட்டான். இது செல்லாதும்மா. உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன். மெஷின் சூடாகட்டும்."

"நேரம் ஆகுமா, இஞ்சினியர்? பன்னிரண்டுக்கு மூடிடுவாங்க."

"அவசரப்பட்டா பொடி ஒட்டாது. அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

என் டிராயர் திறந்தது. ஸ்கேல் வெளியே வந்தது. சொராய்தா சுவர்க் கடிகாரத்தையும் துள்ளும் தாள் துணுக்கையும் மாறி மாறிப் பார்த்தார். உருளையில் மின்சாரம் ஏறி முடித்தபோது பதினொன்று முப்பத்தைந்து.

பிறகு வித்தை தொடங்கியது. அவர் முறை இப்படி: அட்டையின் முன்பக்கத்தைத் தாளின் மேல்பாதியில் நகலெடுத்து, அதே தாளைத் திரும்ப உள்ளே செருகி, அட்டையைப் புரட்டி வைத்து, பின்பக்கத்தைக் கீழ்ப்பாதியில் விழ வைக்க வேண்டும். முதல் தாளில் பின்பக்கம் தலைகீழாக விழுந்தது. இரண்டாவதில் சொராய்தாவின் முகத்துக்கு மேலேயே அவருடைய கைரேகை விழுந்தது. மூன்றாவது தாள் உள்ளே போனது, வரவில்லை. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. பெஞ்சில் வாளிக்காரர் தொப்பியைத் தடவிக்கொடுத்தார்.

"கடைசியா இதைத் தொட்டது யாரு?" என்றார் இஞ்சினியர்.

"என் கடைங்க அது. வேற பொழப்பு எனக்கு இல்ல" என்றார் சொராய்தா. குரல் உடையவில்லை; மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் டோன்யா பெலார்மினா கறுப்புக் காப்பித் தட்டோடு வந்தார். எங்கள் ஆபீஸில் காப்பி போட்டுக் கொடுப்பவர், காலையில் மேசை துடைப்பவர், மெஷின் துடைப்பவரும் அவரே. தட்டை என் முத்திரைகளுக்கு மேல் வைத்துவிட்டு, "நகருங்க இஞ்சினியர்" என்றார். டேப்பை உரித்து உறையைத் தூக்கினார். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சிக்கிய தாளை இரண்டு விரலால் எடுத்துக் குப்பையில் போட்டார். திரையில் அடையாள அட்டை மாதிரியே ஒரு படம் இருந்தது. அதைத் தொட்டார், எண்களில் ஒன்று ஐந்து பூஜ்யம் என்று அமுக்கினார்.

"அட்டையைக் குடு மகளே."

வைத்தார், ஒரு வெளிச்சம். புரட்டி வைத்தார், இன்னொரு வெளிச்சம். ஒரே தாளில் முன்பக்கம் மேலே, பின்பக்கம் கீழே, நேராக, தெளிவாக வந்து விழுந்தது. இருபது வினாடிகூட ஆகியிருக்காது.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"திரையிலேயே எழுதியிருக்கே, டாக்டர். தினம் காலையில உறையைத் தூக்கித்தான் துடைக்கிறேன். தண்ணி கொதிக்கிற வரைக்கும் படிப்பேன்."

டிசம்பர் நவநாளுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபத்துக்கு, எங்கள் பங்குக் கோயிலில் கொடுத்த ஜெபப் புத்தகங்கள், மடித்து நடுவில் பின் அடித்து, அத்தனை அழகாக எங்கே அச்சானவை என்று ஊரே வியந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நிமிடத்தில் புரிந்தது.

இஞ்சினியர் நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டத்தை எடுத்து நகலின் மேல் வைத்தார். முகம் மலர்ந்தது.

"பெரிசாயிருக்கு. இதுவும் செல்லாது."

"உங்க மெஷின்ல எடுத்ததுதானே?" என்றார் சொராய்தா.

"மெஷின்தான். ஆனா கை வேற."

சொராய்தா இஞ்சினியர் கையிலிருந்த ஸ்கேலைப் பிடுங்கினார். அட்டையின் மேல் வைத்தார்.

"எட்டரை, அதுக்கு மேல ஒரு துளி. அதுல பாதி நாலே கால். கூட்டினா பன்னிரண்டே முக்கால், துளியையும் சேர்த்தா பன்னிரண்டு சென்டிமீட்டர் எட்டு." பெலார்மினா எடுத்த நகலை அளந்தார். "பன்னிரண்டு எட்டு." எதிர்க்கடை நகலை அளந்தார். "பன்னிரண்டு எட்டு." பிறகு அட்டைச் சட்டத்தை அளந்தார். "பன்னிரண்டு. வெறும் பன்னிரண்டு, இஞ்சினியர். ஒன்றரைக்கு உங்க சட்டந்தான் குறையுது."

பெலார்மினா திரையைச் சுட்டிக்காட்டினார். "நீங்க அமுக்குற பொத்தானுக்குக் கீழ நூத்தி நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. உறை மறைச்சிருந்தது."

ஒன்பது வருடம். எத்தனை பேரை அந்த ஜன்னலிலிருந்து திருப்பி அனுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். அத்தனை பேரும் சரியான நகலைத்தான் கொண்டு வந்தார்கள். தவறானதை நாங்கள் எடுத்துக் கொடுத்து, வாங்கி, முத்திரை குத்தி, அடுக்கி வைத்தோம்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு எங்கள் தலைவி டாக்டர் யமீலே சாப்பாட்டுக்குக் கைப்பையோடு வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றார். விஷயத்தைச் சொன்னோம். அவர் நகலைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், ஆவண அறையின் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உள்ள இருக்கிற ஃபைல்ல எல்லாம் எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

"பன்னிரண்டு, டாக்டர்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"இந்த ஒண்ணு மட்டும் பன்னிரண்டு எட்டு?"

"ஆமாம்."

"அப்ப தப்பா இருக்கிறது இந்த ஒண்ணுதான்."

"டாக்டர், கணக்கு வந்து..." என்று சொராய்தா தொடங்கினார்.

"கணக்கு சரிதாம்மா. நான் கணக்கைப் பேசல, ஃபைலைப் பேசறேன். இதை வாங்கினா உள்ள இருக்கிற அத்தனையும் செல்லாதுன்னு ஆயிடும். மார்க்கெட்ல ஒருத்தருக்கும் உரிமம் இருக்காது, உங்களுக்கும் சேர்த்துத்தான்."

வாளிக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். தன்னுடைய உரிமமும் அதே அறையில் பன்னிரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, மறுபடி உட்கார்ந்தார்.

மணி பதினொன்று ஐம்பத்தாறு. சொராய்தா ஸ்கேலை மேசைமேல் வைத்தார். அட்டையை எடுத்து இஞ்சினியரிடம் நீட்டினார்.

"எடுங்க. உங்க பன்னிரண்டுலயே எடுங்க. என் கடையில நான் இப்படி அளந்தா, ஜனங்க விரிப்பாலேயே என்னைச் சுத்தி மார்க்கெட்டுக்கு வெளிய உருட்டி விட்டுடுவாங்க."

பெலார்மினா அட்டைப் படத்தைத் தொட்டுக் கொடுத்தார். இஞ்சினியர் கழுத்துப்பட்டையை நேராக்கிக்கொண்டு தன் பொத்தானை அமுக்கினார். தவறான நகல் இருபது வினாடியில் மிக நேர்த்தியாக வந்தது. சட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு முத்திரை குத்தினேன். சொராய்தாவுக்குக் கடை கிடைத்தது. எங்களுக்கு நன்றி சொல்லாமல் போனார், சொல்லவும் தேவையில்லை.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. 'ஒன்றரை மடங்கு என்பது இவ்வலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ள சட்டத்தின் அளவைக் குறிக்கும்' என்று ஒரே வரி, அதற்குக் கீழே டாக்டர் யமீலேயின் கையெழுத்து. சட்டத்துக்கு லேமினேஷன் போட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். எதிர்க்கடைக்காரர் நூலோடு வந்து அளந்துகொண்டு போனார், இப்போது அவர் கடையில் யார் போனாலும், "சாதா ஒன்றரையா, நகராட்சி ஒன்றரையா?" என்று கேட்கிறார். இஞ்சினியர் இரண்டு நாள் பாடம் நடத்தவில்லை. மூன்றாம் நாள் உறை திரும்ப ஏறியது. இப்போது அதில் மூன்று ஜன்னல்.

அட்டைப் படத்தில் எப்படி எடுப்பது என்று எனக்கும் சொல்லித் தரும்படி பெலார்மினாவைக் கேட்டேன். லேசர், நினைவு என்று எல்லாவற்றையும் விளக்கினார். பொத்தானை மட்டும் காட்டவில்லை. "உங்களுக்கு எதுக்கு டாக்டர் அதெல்லாம்? நீங்க தொட்டா சிக்கிக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதையெல்லாம் எழுதி முடித்து, பெயர்களை மட்டும் மாற்றி, போன வாரம் இஞ்சினியரிடம் படித்துக் காட்டினேன். பயந்துகொண்டேதான் படித்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்படியே அச்சு அசல். மின்சார ஆபீஸ்ல இப்படி ஒருத்தன் இருக்கான், எனக்குத் தெரியும்" என்றார். பிறகு தாள்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "குடுங்க, நகலை நான் எடுக்கிறேன். நீங்க தொடாதீங்க."

நீங்கள் கையில் வைத்திருப்பது அந்த நகல்தான். நீங்களும் இடையில் எங்கேயோ ஒருவரை நினைத்துச் சிரித்தீர்கள், எனக்குத் தெரியும். யாரை என்று கேட்க மாட்டேன். அவருக்கும் இதில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அவர் யாரை நினைத்துச் சிரித்தார் என்பதையும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஸ்கேல் என்னுடையது. ஒன்பது ஆண்டுகள் என் டிராயரில்தான் கிடந்தது, அத்தனை கோடுகளோடும். தாள் துணுக்கு துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். உங்கள் டிராயரையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.